ஞானசீலன் சுட்ட பரங்கிக்காய் வில்லை

என் வீட்டுக்காரர் ஞானசீலனுக்குக் கோபம் வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். வேலூரில் மிஷன் பங்களாக் குசினியில் இருபது வருஷம் சமைத்த மனுஷன் அவர். ஒடுகத்தூர்ப் பக்கம் பிறந்தவர். காலராவில் தாய் தகப்பன் இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிட்டு மிஷன் விடுதிக்கு வந்து சேர்ந்தார். விறகு உடைத்தார், தட்டு கழுவினார், பதினெட்டு வயதில் கரண்டி பிடித்தார். எழுத்து வராது. ஆனால் ஒரு பண்டத்தின் பக்குவத்தை வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், சாகிறவரைக்கும் மறக்கமாட்டார்.

பங்களாவில் இருந்தவர் கல்யாணமாகாத அமெரிக்க அம்மாள். மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊரில் ஐப்பசி மாதம் குளிர் தொடங்குமாம், மரத்து இலையெல்லாம் சிவந்து உதிருமாம், அறுப்பு முடிந்து வீட்டுக்கு வீடு பரங்கிக்காயில் பண்டம் சுடுவார்களாம். இங்கே ஐப்பசியில் எங்கள் கூரைதான் ஒழுகும். இருந்தாலும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும், அவருடைய அம்மா சுட்ட பரங்கிக்காய் வில்லை வேண்டும்.

வேண்டும் என்று சொல்வது சுலபம். அடியில் வெண்ணெய் விட்டுப் பிசைந்த பிஸ்கத்துத் தூள். அதன்மேல் ஒரு வகைப் பாலாடைக்கட்டி. அது அவர்கள் ஊர்க் கடையில் கிடைக்குமாம், வேலூரில் எவன் விற்கிறான்? என் வீட்டுக்காரர்தான் எருமைப்பாலை ஏடோடு தோய்த்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, அந்தக் கட்டித் தயிரில் முட்டையும் சர்க்கரையும் அடித்து அதே ருசியைக் கொண்டுவந்தார். அதற்கும் மேலே வேகவைத்து மசித்த பரங்கிக்காய், பட்டை, சுக்கு, கொஞ்சம் சாதிக்காய். அடுப்பு என்றால் பெரிய அடுப்பு இல்லை. மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, கீழேயும் கரி, மேலேயும் கரி. காற்று ஒரு பக்கம் அடித்தால் ஒரு பக்கம் கருகும். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே குந்தி, தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பார். புருவமெல்லாம் பொசுங்கியிருக்கும்.

அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் டீ. மிஸ்ஸியம்மா தட்டோடு எழுந்து, "எங்க அம்மா சொன்ன மாதிரி நான் செய்தேன்" என்பார். சபை கைதட்டும். என் வீட்டுக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவரும் கைதட்டுவார்! ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினோரு வருஷம்.

"உப்பு போட்டுத்தானே சாப்புட்றீங்க? ஒரு நாளாவது ரோஷம் வர வேணாமா?" என்று கேட்பேன்.

"விடு புஷ்பம். தட்டு காலியாவுதா இல்லியா? அது போதும்."

போதும் என்று சொன்ன அதே மனுஷன் ஒருநாள் சோறு தின்னும்போது, "எம் பேர ஒரு தரம் அங்க சொன்னா எப்படியிருக்கும்னு நெனச்சிப் பார்த்தேன்" என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவருக்குத் தெரியாமல் நேரே மிஸ்ஸியம்மா முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, வில்லை சுடறது எங்க வீட்டுக்காரரு. இந்தத் தரம் அவர் பேரச் சொல்லுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, வெட்கம். "நீ சொல்றது சரி, ஜெயபுஷ்பம். நான் யோசிக்கவேயில்லை. சொல்றேன்" என்றார். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது திட்டுவார் என்று பார்த்தேன். பெட்டியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துத் தன் கையாலேயே இஸ்திரி போட்டார்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மிஸ்ஸியம்மா ஒடுகத்தூர்ப் பக்கம் முகாம் கிளம்பினார். சமையலுக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார்கள். "காய வேகவச்சி மசிச்சி மட்டும் வை. மீதிய நான் வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவுதான் எனக்கு விட்ட வேலை.

சனிக்கிழமை காலையில் காயை அறுத்தேன். மழையில் ஊறிய காய், உள்ளே ஒரே தண்ணீர். இது கீழே இருக்கிற தயிரில் இறங்கினால் எல்லாம் கஞ்சியாகிவிடுமே என்று பயந்தேன். எங்கள் பின்தெருவில் ஹலீமா பீ இருக்கிறாள். புருஷனுக்கு ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை. இவள் கல்யாண வீடுகளுக்குப் பூசணித் துண்டைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி முரப்பா போட்டுக் கொடுப்பாள். ஆறு வருஷமாக அவளுக்குக் காய் அரிந்து கொடுத்துப் பழகிய கை என்னுடையது. அரிந்தவுடன் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். எங்கள் தெருவில் காயில் இனிப்பு செய்கிற எவளும் அப்படித்தான் செய்வாள். நானும் போட்டேன். மத்தியானம் வரைக்கும் ஊறவிட்டு, நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி, அடுப்பில் ஏற்றினேன்.

வேகவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், விறகைத் தள்ளித் தள்ளி என் கண்தான் வெந்தது. துண்டு துண்டாக அப்படியே கொதிக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. அட மரமண்டையே! சுண்ணாம்பு எதற்குப் போடுகிறோம்? கொதிக்கிற பாகிலும் துண்டு குழையாமல் கெட்டியாக நிற்கட்டும் என்றுதானே? எனக்கு வேண்டியதோ குழைந்துபோகிற காய். மழையில் வேறு காய் வாங்க எங்கே போவேன்? தலையிலடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தேன். மணல் மாதிரி வந்தது.

அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். பாத்திரத்தில் விரலைவிட்டு வாயில் வைத்தார்.

"இன்னா புஷ்பம், நறநறன்னு கீது?"

"மழைக்காய். அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பொய். விடிந்தால் பேர் சொல்லப் போகிறார்கள், கோட்டு ஆணியில் தொங்குகிறது, எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்? என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். துணியில் போட்டுப் பிழிந்து பார்த்தார், கூட இரண்டு கரண்டி வெண்ணெய் விட்டார், என்னென்னவோ செய்தார். விடியற்காலையில் சுட்டு எடுத்தபோது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

மிஸ்ஸியம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தட்டைத் தூக்கிப் பிடித்து, "இது நம்ம ஞானசீலன் செய்தது. ஒவ்வொரு வருஷமும் அவர்தான் செய்தார்" என்றார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். வெள்ளைக் கோட்டில் அவர் எழுந்து நின்றார். கோட்டின் முனையை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

அப்புறம் எல்லோரும் தின்றார்கள். கடித்தவர்கள் மென்றார்கள், மென்றவர்கள் முழுங்க முடியாமல் டீயைக் குடித்தார்கள். பிள்ளைகள் மரத்தடியில் துப்பின. போதகர் சம்சாரம் பாதி வில்லையைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம், "இன்னா இருந்தாலும் மிஸ்ஸியம்மா கைப்பக்குவம் வருமா? பதினோரு வருஷமும் இவரு செஞ்சாராம்! பாவம், அந்தம்மா பெரிய மனசு பண்ணி வுட்டுக் கொடுத்துட்டாங்க" என்றாள். போதாததற்கு மிஸ்ஸியம்மா வந்து அவர் தோளைத் தட்டி, "பரவாயில்லை, ஞானசீலன். அடுத்த வருஷம் நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். குசினிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத அம்மாள்!

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "சுண்ணாம்புல போட்டது நான்தாங்க."

"தெரியும். நேத்து வாயில வச்சதுமே தெரிஞ்சிது."

"அப்ப அந்தப் பொம்பள அப்படிப் பேசும்போது சொல்றதுக்கு இன்னா? எம் பொண்டாட்டி கெடுத்துட்டான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சபையில ஒரு பேரு கெட்டது பத்தாதா?" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி மடித்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் அவரே மிஸ்ஸியம்மாவிடம் போய், "எம் பேரு வேணாம்மா, உங்க பேரையே சொல்லுங்க. அப்பத்தான் ஜனங்க சந்தேகப்படாம சாப்பிடுவாங்க" என்று கேட்டுக்கொண்டார். மிஸ்ஸியம்மாவும் சரி என்றுவிட்டார், பக்கத்தில் நிற்கிறேன் என்றதை மறந்தே போயிருந்தார். காய் வாங்கினது முதல் மசித்தது வரைக்கும் எல்லாம் என் வீட்டுக்காரரே செய்தார், என்னைக் கிட்டே விடவில்லை. பண்டிகையன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. குசினியில் உட்கார்ந்து, சதுரமாக வெட்டுவதற்காக அவர் ஒதுக்கிப் போட்ட ஓரத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றேன். நாக்கில் வைத்ததும் கரைந்தது. அதுவரை சுட்டதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை.