நடுப்பாதையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்

பெரியப்பாவின் வலது கைவிரல்கள் ஓயாமல் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் எந்நேரமும் ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் எட்டிப்பார்த்த மனிதருக்கு, பார்க்கின்சன் நோய் வந்தபிறகு ராயபுரத்தில் பக்திமான் என்று பெயர் கிடைத்தது. அவரும் அதை மறுக்கவில்லை.

அவர் என் அப்பாவின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கீழ்வீட்டில்தான் கிடப்பேன். கிரேன்காரருக்குக் கீழே நிற்பவர் காட்டும் கைஜாடைகளை அவரை நச்சரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். முஷ்டியை மடக்கித் தூக்கினால் நில். உள்ளங்கையை விரித்து வீசினால் வா. நான் முஷ்டியைக் காட்டினால் அவர் சோற்றுக் கவளத்தை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பெரியம்மாவுக்குக் கோபம் வரும்.

“மேல குந்திகினு கீறவன் தன் கண்ண நம்பக்கூடாது சிக்னல்மேன். கீழ நிக்கிறவன் கையத்தான் நம்பணும்” என்பார். சிக்னல்மேன் என்பது நான்தான். பாவாடை கட்டிய சிக்னல்மேன்.

ஒரு சாயங்காலம் அவர் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விளக்குப் போடாத நேரம். நான் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“செருப்பாண்ட ஒரு கொயந்த கீதா?” என்று மெல்லக் கேட்டார்.

செருப்புகளுக்குப் பக்கத்தில் என் புத்தகப் பை மட்டும் கிடந்தது. பெரியவர்கள் விளையாட வருவதே அபூர்வம். வந்தால் விடுவேனா? “கீதே” என்றேன்.

“நெஜமாவா?”

“நெஜமா. சட்டைகூடப் போடல.”

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு, “போயிடுச்சி” என்று சொல்லி உள்ளங்கையை விரித்து வீசினேன். அவர் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து நடந்து போனார்.

அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்குமான ரகசிய விளையாட்டு. குளியலறைக் கதவருகில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், மடித்து வைத்த துணிக்கு மேலே என்று எங்கும் சின்னச் சின்னப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பேசமாட்டார்கள், யாரும் அழமாட்டார்கள். பெரியப்பா கேட்பார், நான் ஆமாம் என்பேன், அவர்கள் எழுந்து போகும்வரை இருவரும் காத்திருப்போம். கடற்காற்றில் திரைச்சீலை அசைய, மங்கிய வெளிச்சத்தில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரங்களைப்போல இன்பமான நேரம் என் சிறுவயதில் வேறில்லை. சில நாள்களில் எனக்கே அவர்கள் தெரிந்த மாதிரி இருந்தது.

கண் முழுப் படத்தையும் மூளைக்கு அனுப்புவதில்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அது அனுப்புவது பாதிதான், மீதியை மூளை தன் ஞாபகத்திலிருந்து எடுத்து ஊகமாக நிரப்பிக்கொள்கிறது. ஊகம் தப்பென்றால் மறுகணமே கண் அதைத் திருத்திவிடும். பார்க்கின்சன் முற்றியவர்களில் சிலருக்கு அந்தத் திருத்தம் தளர்ந்துபோகிறது, ஊகம் ஜெயித்துவிடுகிறது. சாப்பிடும் மாத்திரையும் சில சமயம் அதற்குத் துணை போகும். அரை இருட்டில் கிடக்கும் பை, பிள்ளையாகிவிடும். கிரேனின் உயரக் கூண்டிலிருந்து முப்பது வருடம் மனிதர்களைச் சின்னச் சின்னதாகப் பார்த்தவர் மூளையில் வேறு எந்த உருவம் கையிருப்பில் இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் அவருடைய ஒரே மகளான அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி, மணப்பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அப்பாதான் கைபிடித்து அழைத்துப்போக வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த ஒரு ஆசைதான். “தவழ்ந்துகினாவது நான்தான் இட்டுகினு போவேன்” என்று சொல்லிவிட்டார். தினமும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒத்திகை நடந்தது. கோயிலில் நடக்கும் நேரத்துக்குச் சரியாக வேலை செய்யும்படி மாத்திரையைக்கூடக் கணக்குப் பண்ணிக் கொடுத்தார் பெரியம்மா.

கல்யாணத்தன்று பூக்கூடையோடு முன்னால் நடந்தது நான். எனக்குப் பின்னால் பெரியப்பாவும் வெள்ளைப் பட்டில் அக்காவும். பாடற்குழு பாடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னல்களின் வழியாக வந்த வெயில் நடுப்பாதை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சிதறிக் கிடந்தது. பாதிதூரம் போனபிறகு பின்னால் காலடி கேட்கவில்லை. திரும்பினேன்.

பெரியப்பா நின்றுவிட்டிருந்தார். கண் தரையிலேயே இருந்தது. அக்கா ஏதோ சொன்னாள், அவர் காதில் விழவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பக்கத்தில் போனேன்.

“பாப்பா, இங்க யாரும் இல்லல்ல?” என்றார். “யாரும் இல்லதான?”

அவ்வளவு பேர் பார்க்கிறார்கள், என் பெரியப்பாவை நான் தனியாக விட்டுவிடுவேனா? முஷ்டியை மடக்கித் தூக்கினேன். “கீறாங்க பெரியப்பா. நெறைய பேரு குந்தினு கீறாங்க.”

அவர் பெஞ்சு ஓரத்தில் இருந்த என் அப்பாவைக் கூப்பிட்டு, அக்காவின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீ ஓரமா இட்டுகினு போடா. இங்க கொயந்தைங்க கீது. நான் பாத்துக்கறேன்.”

அப்பா ஒன்றும் புரியாமல் அக்காவை அழைத்துக்கொண்டு போனார். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா யாரும் மிதித்துவிடாதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பெரியம்மா வந்து பெஞ்சில் உட்காரவைக்கும்வரை நானும் கூடவே கையை விரித்து நின்றேன். எனக்கு ஒரே பெருமை.

பெரியப்பா இறந்து பல வருடம் கழித்து, ஒருநாள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்.

“டாக்டரு அப்பவே உங்க பெரியப்பாவாண்ட சொல்லிட்டாரு. இன்னா தெரிஞ்சாலும் பயப்படாத, பக்கத்துல கீறவங்கள ஒரு வார்த்த கேளு, அவங்க இல்லன்னா இல்லதான், தைரியமா நடன்னாரு. என்னைக் கேளுய்யான்னேன். நீ என்னை சமாதானப்படுத்த எதனா சொல்லுவ, சிக்னல்மேன் சின்னப்புள்ள, பொய் சொல்லாதுன்னுட்டாரு.”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து நின்றார். அது தெரியாமல், நான் அவருக்குத் துணையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.