தொண்டை கட்டிய பத்து நாள்

சத்தமாகப் படித்தால்தான் எனக்குப் பாடம் மனதில் நிற்கும். பாம்பனில் எங்கள் வேலிக்கு அப்பால் உட்கார்ந்து, என் வகுப்புத் தோழன் அந்தோணி கிழிந்த வலைகளைச் சரிசெய்வான். அவனிடம் சரித்திரப் புத்தகம் கிடையாது. நான் படிப்பதைக் கேட்டே அரைப் பரீட்சையில் என்னைவிட அதிக மார்க் வாங்கிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். எனக்கும் ஒன்றும் ஏறவில்லை.

நான்காம் நாள் கை நிறையத் துளசியோடு வேலியோரம் வந்தான்.

"ஏலே, தொண்டை கட்டிப்போச்சா? இத மென்னு முழுங்கு. நீ கழுதையாட்டம் கத்தாம எனக்கு வலையில கையே ஓடலடா."

"ஆமாலே, தொண்டைதான்" என்று கரகரத்தேன். அவன் கண் முன்னாலேயே இலையை மென்றேன். அதற்குப் பிறகாவது சத்தமாகப் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

நான் எப்படியோ தேறினேன். அவன் சரித்திரத்தில் பெயிலாகி, அப்பாவோடு கடலுக்குப் போனான். முதல் நாள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே, "ஒனக்கு மட்டும் தொண்டை கட்டாம இருந்தா நானும் பாஸாயிருப்பேன்லே" என்று சிரித்தான்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது என் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். சன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.