கேட் திறக்கும்வரை இன்ஜினை நிறுத்தியவர்

காலை டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் டிப்போவிலிருந்து போன். "முத்தையா அண்ணன் போயிட்டார். தூக்கத்திலேயே, கஷ்டப்படல" என்றார்கள். யாருக்கும் சிரமம் கொடுக்காத மனிதர் கடைசியிலும் கொடுக்கவில்லை. அவரோடு வண்டி ஓட்டிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில் போர்ட் பிளேர்–திக்லிபூர் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஜிர்காடாங் செக்போஸ்ட் கேட்டில் நாம் காத்துக் கிடந்த காலைகள் உங்களுக்குத் தெரியும். அதற்கு அப்பால் பழங்குடியினர் காடு, அந்தப் பாதையில் தனியாகப் போக முடியாது. கேட் திறந்ததும் எல்லா வண்டியும் கான்வாயாகச் சேர்ந்து போக வேண்டும். அதுவரை ஒருவரும் இன்ஜினை நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் பிரேக்குக்கான ஏர் இறங்கிவிடும், பழைய பாட்டரி மறுபடி உயிர் பெறாது, கான்வாய் போய்விடும் என்ற பயம்.

அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் அண்ணனின் மனைவி புஷ்பம் அண்ணி இட்லிக்கடை வைத்திருந்தார். அண்ணிக்கு ஓயாத இழுப்பு. விறகடுப்புதான் காரணம் என்று அண்ணன் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். இழுப்பு போகவில்லை. ஒரு மழையில் மரங்கள் விழுந்து சில நாள் சாலை மூடிக் கிடந்தது, வண்டி வரிசையே இல்லை. மரம் அறுக்க வந்தவர்களுக்கு அண்ணி அதே கடையில் சமைத்துப் போட்டார். அந்த நாட்களில் மட்டும் நன்றாகத் தூங்கினார்.

அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு அண்ணனோடு நானும் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியற புகை கொஞ்சந்தான். தெரியாத டீசல் தூள் மூக்குல நிக்காது, நுரையீரலோட அடிவரைக்கும் போகும். ரத்தத்துல கலந்தா இதயத்துக்கும் கெடுதல். பிரேக், டயர் தேயறதும் தூள்தான்."

அண்ணன் டாக்டரிடம், "அப்ப நாந்தான் சாப், இவளுக்கு வெடியக்காத்தால புகை ஊட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் காலை வரிசையில் நின்றதும் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். கேட் திறந்தது, நான் பயந்தபடியே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னாலிருந்து ஹாரன், உள்ளே பெங்காலியிலும் தெலுங்கிலும் திட்டு. அண்ணன் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க, பாய்சாப்" என்றார், ஏதோ டீ குடிக்கக் கூப்பிடுவதுபோல. எல்லோரும் தள்ளினோம். ஏர் ஏறும்வரை கேட் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். அன்றிலிருந்து நம் வண்டிக்குப் பெயர் தள்ளுவண்டி.

அந்தக் கேலியை வைத்தே மெக்கானிக்கை நச்சரித்து ஏர் லீக்கை அடைக்க வைத்தார், பாட்டரியை மாற்ற வைத்தார். அதன் பிறகு வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு பானெட்டாகத் தட்டுவார்: "பந்த் கரோ பாய், கேட் குல்னே தோ. கேட் தொறக்கிற வரைக்கும் அணைச்சு வைங்க." புகையெல்லாம் மெயின்லாண்டில்தான், இங்கே கடல் காற்று இருக்கிறதே என்று ஒரு டாக்ஸிக்காரர் சொன்னதற்கு, "கடல் காத்து எங்க தம்பி இந்தக் காட்டுக்குள்ள வருது? மரமும் நிக்குது, ஒங்க பொகையும் கூடவே நிக்குது" என்றார். எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஏசி டாக்ஸிகளோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். ஆனால் கடைக்கு நேராக நின்ற வண்டிகள் மெல்ல மெல்ல அடங்கின. அண்ணியின் இழுப்பும் குறைந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். சிலோன் தோட்டத்தில் அண்ணியின் அம்மா பாடியதாம். மூச்சு நீளமாக இருந்தால்தான் அந்த அடிகளை இழுக்க முடியும். காலையில் தொடங்கியவர், அண்ணனைத் தூக்கும்வரை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த அழுகையைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் தப்பாக நினைக்காதீர்கள். முத்தையா அண்ணன் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டது அண்ணியின் அந்தக் குரலைத்தான்.