ஊசி இல்லாத பீப்

எனக்குப் பாட்டு என்றால் கீபோர்டு வேண்டும். வெறும் புல்லாங்குழலுக்கெல்லாம் மயங்க மாட்டேன். பனியன் கம்பெனி பேக்கிங்கில், பாட்டு ஓடும் ஸ்பீக்கருக்கு நேர்கீழே என் நீடில் டிடெக்டர். துணியில் உடைந்த ஊசித்துண்டு இருந்தால் ‘பீப்’ என்று கத்தும் மெஷின் அது.

அன்று குழந்தைச் சட்டைகள் போகும்போது ‘பீப்’ கேட்டது. பெல்ட்டை நிறுத்தி, ஒவ்வொரு சட்டையாகப் பிரித்துத் தடவினோம். ஒன்றும் சிக்கவில்லை. மறுபடி விட்டேன், மறுபடி ‘பீப்’. ஏதோ ஒரு குழந்தையின் முதுகில் ஊசி குத்துவதை நினைத்து, முதல் சட்டையிலிருந்து மறுபடி தடவ ஆரம்பித்தேன்.

சூப்பர்வைசர் மேலே கை காட்டினார். “ஏனுங்கக்கா, மெஷின்ல சிவப்பு லைட்டே எரியலீங்க. அது உங்க பாட்டுல வர்ற கீபோர்டுங்க.”

அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பாட்டை நிறுத்தப் போனார்.

“இருங்க, அந்த பீப் இன்னொரு தடவ வருமுங்க. இப்பவாவது நிம்மதியாக் கேக்கறேன்.”