தறிக்குழியில இறங்கின பூட்ஸ்

எனக்கு மூணு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போச்சு. முட்டிக்குக் கீழ துளி தெம்பு இல்ல, தொடையில மட்டும்தான் இருந்தது. ஆரணியில எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. என் வயசுப் பொண்ணுங்க எல்லாம் தறியில உக்காந்துட்டாங்க, நான் மட்டும் ராட்டையில தார்க்குச்சிக்கு நூல் சுத்திகினு இருந்தேன். தறிக்கு அடியில இருக்கிற குழியில கால விட்டு ரெண்டு மிதிகட்டையையும் மாத்தி மாத்தி அமுக்கினாத்தான் தறி ஓடும். ஒத்தக் கால வெச்சிகினு என்னத்த ஓட்டறது? நைனா இருக்கிற வரைக்கும் சோறு போடுவாரு. அப்புறம் அண்ணன் வீட்டு மூலையில உக்காந்து யார் மூஞ்சியப் பார்த்துச் சாப்பிடறதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம்.

எழுபதுகள் முடியற சமயம், வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில அளவெடுத்து எனக்குக் காலிப்பர் கொடுத்தாங்க. காலுக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில தோல் பட்டை, முட்டிகிட்ட ஒரு பூட்டு, அடியில கம்பி ரெண்டும் சொருகின கறுப்பு பூட்ஸ். பூட்டைப் போட்டா கால் கட்டையாட்டம் நேரா நிக்கும். தொடையால அழுத்தினா மிதிகட்டை இறங்கியே தீரும்னு பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரா தறிகிட்ட போனேன். நைனா குறுக்க வந்து நின்னாரு.

“செருப்புக் காலோட குழியில இறங்குவியா? தறி நமக்கு சாமிம்மா.”

“இது செருப்பு இல்ல நைனா, என் காலு. கழட்டினா எனக்குக் காலே இல்ல.”

“வாய் ரொம்ப நீளம் உனக்கு,” அப்படின்னுட்டுப் போயிட்டாரு.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பொடவை வாங்க வர்ற முதலாளிகூட செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தான் தறிகிட்ட வருவாரு.

மறுநாள் நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நைனா காலிப்பரைத் தூக்கிகினு கொல்லர் பட்டறைக்குப் போயிட்டாரு. பூட்ஸை அறுத்துப் போட்டுட்டு, அந்த எடத்துல ஒரு மரப்பலகையை அடிச்சு எடுத்துகினு வந்தாரு. நல்லது பண்ணிட்டோம்னு மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். கட்டிகினு குழியில இறங்கினேன். மொத மிதியிலயே பாதம் பலகையில வழுக்கி, கம்பி முனை கணுக்கால்ல ஏறிடுச்சு. ஓடியாந்து என்னைத் தூக்கினது நைனாதான். தூக்கும்போதே அவரைத் திட்டிகினு இருந்தேன். என்ன திட்டினேன்னு இங்க எழுத முடியாது.

அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. ஆறினதும் வாயத் தொறக்காம என்னை வேலூருக்கு இட்டுகினு போனாரு. காலிப்பர் செய்யறவரு பலகையைப் பார்த்துட்டு, “யாருங்க இந்த வேலை பார்த்தது?”ன்னு கேட்டாரு.

“நான்தாங்க. புத்தி கெட்டுப்போயி,” அப்படின்னு நைனா தலையைக் குனிஞ்சிகினு சொன்னாரு. எங்க தெருவுல யாருகிட்டயும் தலை குனியாத மனுஷன். எனக்குக் கோவம் போயி பாவமாயிடுச்சு. ஆனாலும் பேசல, நான் அவரு பொண்ணாச்சே.

புது பூட்ஸ் வந்து நாலாவது நாள் ஆயுத பூஜை. ஊடு நூலை ஓட்டற நாடாவுக்கும் மிதிகட்டைக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிகினே வந்தாரு நைனா. கடைசியில எனக்கு முன்னால தரையில உக்காந்தாரு. நான் மாட்டியிருந்த பூட்ஸை ஈரத்துணியால தொடைச்சு, நுனியில சந்தனம் தடவி, குங்குமம் வெச்சாரு. பக்கத்துல இருந்த பெரியப்பா, “செருப்புக்கா பூஜை?”ன்னு மொறைச்சாரு.

“அது தறிச் சாமான்ணா,” அப்படின்னாரு நைனா.

விஜயதசமி காலையில அவரே என்னைக் குழியில உக்கார வெச்சாரு. பூட்டைப் போட்டு, தொடையால அழுத்தினேன். மிதிகட்டை இறங்குச்சு. நாடா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போச்சு. நைனா தறியில இருந்த பாவு நூலையே பார்த்துகினு நின்னாரு, என் மூஞ்சியப் பார்க்கல.

“என்னா ஜல்தி உனக்கு? மெதுவா அமுக்கு, இழை அந்துடப் போவுது.”

அண்ணனைத் திட்டற அதே குரல். அத்தனை மாசத்துக்கு அப்புறம் என்கிட்ட அவரு பேசின மொத பேச்சு அதுதான். எனக்கு அழுகையா வந்துடுச்சு, மெதுவா அமுக்கினேன்.