பக்கத்து வீட்டுக் கையெழுத்து

பட்வாரி வரப்போகிற அன்று காலையிலிருந்தே நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மகளுக்குத் தீவுக்காரர் கோட்டாவில் மெயின்லாண்டில் நர்ஸிங் சீட் கிடைத்திருந்தது. தீவுக்காரர் என்கிற சர்டிபிகேட் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் சீட் வேறொருத்திக்கு. பட்வாரி என்றால் தாசில் ஆபீஸிலிருந்து வீடு தேடி வந்து, நாம் உண்மையிலேயே இந்த ஊர்தானா என்று விசாரிக்கிறவர். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், 'இவர்களை இத்தனை வருஷமாகத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. அந்த வாரம் நிக்கோபார் பக்கம் போயிருந்தார். என் அப்பாவின் காகிதங்கள் எல்லாம் கச்சால் தீவில் சுனாமியோடு போய்விட்டன. கீழே டீக்கடைக்காரர் முந்தின நாளே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டார். லம்பா லைனில் எங்கள் சந்தில் மற்றவர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற வாடகைக்காரர்கள். பழைய ஆள் என்று பார்த்தால் பக்கத்து வீட்டு வங்காளிக்காரி ஒருத்திதான். அவளை நினைத்துத்தான் எனக்குப் பயமே.

போன வருஷம் இதே பட்வாரி, அவள் மகளுடைய சர்டிபிகேட்டுக்காக என் வாசலில் நின்றார். என் மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வருஷமா இருக்காங்க? பங்களாதேஷா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். அக்கா முறையில் 'தீதி' என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு பதினோரு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவளைத் தெரியாது என்றேன்! வம்பு நமக்கெதற்கு என்ற பயம் ஒன்று. மூன்று நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீரிலும் இவர்கள் பங்கு, இனி சீட்டிலும் பங்கா என்ற எரிச்சல் இன்னொன்று. பொய் சொல்வானேன், இரண்டும்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சர்டிபிகேட் கடைசித் தேதி போன பிறகு வந்தது. இப்போது பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இத்தனைக்கும் அவள் கதை எனக்குத் தெரியும். இதே தீவுக்கூட்டத்தில் லாங் ஐலண்டில் பிறந்தவள். அவள் அப்பாவை அகதி என்று கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கியதே சர்க்கார்தான். காட்டை வெட்டித்தான் அவர்கள் சோறு தின்றார்கள். என் அப்பா மட்டும் என்ன? சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் வெட்டினவர். "உங்களுக்கென்ன, எல்லாம் சர்க்கார் இனாம்" என்று பள்ளிக்கூடத்தில் என்னைச் சொல்வார்கள். விடியுமுன்னே பால் வெட்டப் போகும் அம்மாவின் கை வெடிப்பைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். அப்படிப் பேச்சு வாங்கின நானே குழாயடியில் இவளை வந்தேறி என்று பேசியிருக்கிறேன். நன்றாயிருக்கிறது என் நியாயம்.

பதினோரு மணிக்குப் பட்வாரி வந்தார். காகிதங்களைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார், எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி சொல்லுவாங்கல்ல?"

"சும்மா இருடி."

பட்வாரி இந்தியில் கேட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "பக்கத்து வீட்டுக்காரங்களைத் தெரியுமா?"

உள்ளே எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தெரியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் வாழ்க்கை அவ்வளவுதான். சொன்னாலும் நான் என்ன வாயை வைத்துக்கொண்டு கேட்பேன்? நான் கற்றுக்கொடுத்த வார்த்தைதானே அது.

"அரே சாப், கண்ணாடியத் தேடிட்டு இருந்தேன்" என்று அவள் குரல் வந்தது. "தெரியாம என்ன? பன்னெண்டு வருஷமாத் தெரியும். எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

பட்வாரி போனதும் அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எதுக்கு தீதி அழறே? உன் பொண்ணு வேற, என் பொண்ணு வேறயா? போன வருஷம் பட்வாரி வந்தப்ப நீ வீட்டுல இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இருந்திருந்தா எங்களுக்கும் வேலை முடிஞ்சிருக்கும். நசீப், தலையெழுத்து, என்ன செய்யறது?"

பட்வாரி இன்னும் சந்து முனையைத் தாண்டவில்லை. அவர் கையில்தான் அந்தத் தாள் இருந்தது. இவள் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார்.

"ஆமா தீதி" என்றேன். "அன்னைக்கு நான் வீட்டுல இல்ல."

மகள் என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.