வாழவந்தி நாட்டில் ஒரு மானிட்டர்

லினக்ஸ் நிறுவும் கையேடுகளில் அந்தக் காலத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். மானிட்டரின் ஃப்ரீக்வென்சி எண்களைத் தவறாகக் கொடுத்தால் மானிட்டர் எரிந்துபோகலாம், யூகித்துப் போடாதீர்கள் என்று. பென் டிரைவைச் செருகி அரைமணி நேரத்தில் வேலையை முடிக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றும். அந்த வரியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியவன் நான். யூகித்துப் போட்டவனும் நான்தான்.

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என் பிழைப்பு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பரப்புவது என் பைத்தியம். சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்கும் போவேன், கூப்பிடாத இடத்துக்கும் போவேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊராட்சியின் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்றில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதிகாரிகளுக்கு மனு அடித்துப் பிரிண்ட் எடுப்பார்கள். யாராவது கொண்டுவரும் ஃபிளாப்பியில் வைரஸ் ஏறிவிடும். சரிசெய்ய நான் பஸ் ஏற வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் பழனியம்மாள். அந்த கம்ப்யூட்டரே அவர் அடம்பிடித்து வாங்கியது. வேண்டாம் என்றவர்களிடம், "இது கெட்டுக் கெடந்துச்சுன்னா நான் செயலாளரா இருக்கமாட்டனுங்க" என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயடித்தேன்.

"லினக்ஸ் போட்டுட்டா வைரஸ் தொல்லையே இருக்காதுங்கக்கா."

"கெட்டுகிட்டுப் போயிராதுங்களே?"

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

இப்படிக் கேட்டபின் அவர் என்ன சொல்ல முடியும்? சரி என்றார்.

மனுக்களை ஃபிளாப்பியில் எடுத்து வைத்துவிட்டு நிறுவத் தொடங்கினேன். மானிட்டர் எண்களைக் கேட்டது. எண்கள் அச்சிட்டிருக்கும் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன். வெள்ளைத் தாள்தான் இருந்தது, அதில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கற எடமுங்க அது. கண்ணாடில வெச்சாக் கெட்டுருமின்னு பின்னாடி வெச்சம். வருசா வருசம் ஈரத்துணில தொடைச்சுட்டு வெப்பம்" என்றார் பழனியம்மாள்.

எண்கள் துடைப்பில் போய்விட்டன. எந்த மானிட்டருக்கும் ஒத்துவரும் சின்ன அளவைக் கொடுத்திருக்கலாம். ஆனால் எழுத்துகள் பெரிது பெரிதாக, பார்க்க நாட்டுப்புறமாக இருக்கும். வேடிக்கை பார்க்க விவசாயிகள் இரண்டு பேர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அசந்துபோக வேண்டும் என்ற ஆசையில் பெரிய எண்களாகப் போட்டேன்.

மானிட்டர் கீச்சென்று கத்தியது. படம் நாலாகப் பிளந்து கோடுகளாக ஓடியது. மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விசைகள். என் விரல் எழவில்லை. பழனியம்மாள் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினார்.

சூடான தூசி வாசனை வந்தது. வாசற்படியிலிருந்து ஒருவர், "என்னுங்க, அவிஞ்சு போச்சுங்களா?" என்றார்.

பழனியம்மாள் என் பக்கம் குனிந்து, "உசுரு இருக்குதுங்களா?" என்றார்.

கரண்ட் கோளாறு என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. "தெரியலீங்கக்கா. நம்பர் தெரியாம நானாப் போட்டுட்டேன்" என்றேன்.

சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் கால்மணி நேரம் என் ஆயுளில் பாதி. மறுபடி பிளக்கைச் செருகியபோது முதலில் கறுப்பு மட்டும். பிறகு வெள்ளை எழுத்துகள் சரசரவென ஓடின. திடீரென்று நிறுத்தியதால் டிஸ்க்கைச் சோதிக்கிறது. மானிட்டருக்கு உயிர் இருந்தது, ஆனால் இப்போது டிஸ்க் போயிருக்குமோ என்று பயந்தேன். சோதனை முடிந்து, உள்ளே நுழைபவரின் பெயர் கேட்டு நின்றபோதுதான் மூச்சு விட்டேன்.

சின்ன அளவையே கொடுத்தேன். திரை வந்தது. வாசற்படிக்காரர் எழுந்து வந்து பார்த்தார். "எழுத்து நல்லாப் பெருசா இருக்குதுங்க. கண்ணாடி இல்லாமயே படிக்கலாம்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பழனியம்மாள் விடவில்லை.

"உக்காருங்க. உங்களுக்கே வெரலு எழும்பல. நீங்க மலையெறங்குன பின்னாடி எங்களுக்கு எழும்புமுங்களா? எந்தெந்த எடத்துல பயந்தீங்களோ, அதையெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நல்லா ஓடறத நாங்களே பாத்துக்கறம்."

அதுவரை நான் எழுதிய குறிப்புகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழி மட்டுமே இருந்தது. புது ஆளுக்கு அந்த வழியில் துணையே தேவையில்லை என்பது எனக்கு உறைத்ததில்லை. மனுத் தாள்களை வாங்கி எழுதினேன். வெள்ளை எழுத்து ஓடும் இடத்துக்கு வந்தபோது எழுதவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்: "இதைப் பார்த்து நானும் பயந்தேன். காத்திருங்கள், நின்றுவிடும்."

அதன்பின் யாருக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தாலும், நான் முதலில் எழுதுவது நான் பயந்த இடங்களைத்தான்.